அங்கீட்டிப் புகையும் அம்மாவின் இருமலும்

1950-களின் இறுதியில் தில்லி கோல் மார்க்கெட் பக்கம் அரசுக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த நம்மவர்களுக்கு அங்கீட்டியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய இரும்பு வாளிக்குள் களிமண் பூசி, நடுவில் கம்பிகள் பதித்த கரியடுப்பு அது. விடியற்காலையில் ஸ்நானம் செய்துவிட்டு அம்மா அதை வாசலில் வைத்து, அடியில் வரட்டியும் விறகுச் சிராயும் இட்டு, மேலே கரி அடுக்கிப் பற்றவைப்பாள். புகை அடங்கியதும் உள்ளே தூக்கி வருவாள். குளிர்காலத்தில் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். நாங்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்வோம். அம்மா இருமிக்கொண்டே ரொட்டி இடுவாள். "அவளுக்கு அது கூடப் பிறந்த இருமல்" என்பார் பாட்டி.

அந்த இருமல் கூடப் பிறந்ததல்ல என்பதற்கான விடை, எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அப்போதே கண்டறியப்பட்டிருந்தது. இது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் 1953-ல் பணியில் சேர்ந்தவர் டாக்டர் எஸ். பத்மாவதி. 1917-ல் பர்மாவில் பிறந்த தமிழ்ப் பெண்மணி. 1942-ல் ஜப்பானியப் படையெடுப்பின்போது அங்கிருந்து தப்பிக் கோயம்புத்தூர் வந்தவர். பின்னர் நாட்டின் முதல் பெண் இருதய நிபுணராகப் புகழ்பெற்றவர். நுரையீரல் கெட்டு, அதன் பளுவால் இருதயத்தின் வலது பாகம் தளரும் நோய் ஒன்று உண்டு. மேல்நாடுகளில் அது பெரும்பாலும் ஆண்களின் நோய். தில்லியிலோ பெண்களுக்கும் ஏறக்குறைய அதே அளவில், அதுவும் இளம் வயதிலேயே வருவதை அவர் கவனித்தார். பீடி, சிகரெட் பிடித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தானே? பெண்களுக்கு எப்படி வந்தது? சிறு வயது முதல் வரட்டி, விறகுப் புகையில் அவர்கள் உட்கார்ந்திருப்பதே காரணமாக இருக்கலாம் என்று சுட்டிக்காட்டினார். 1959-ல் 'சர்குலேஷன்' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் இந்த ஆய்வு வெளியாயிற்று.

பரிகாரமும் புதிதல்ல. ஹைதராபாதில் டாக்டர் எஸ்.பி. ராஜு, புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வடிவமைத்து, அதைப் பற்றிய ஆங்கிலப் புத்தகத்தை 1953-லேயே சென்னையில் வெளியிட்டிருந்தார். ஆனால் மத்திய அரசு இதை ஒரு தேசியத் திட்டமாக எடுத்துக்கொண்டது 1983-ல்தான். சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகள் அமைத்தார்கள். பல இடங்களில் புகைபோக்கி அடைத்துக்கொண்டது, அடுப்பு இடிந்தது. பழுது பார்க்க ஆளில்லை. 2002-ல் திட்டமே முடிந்துபோயிற்று.

இதற்கிடையில் கர்க் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்தியர்களோடு சேர்ந்து, குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றையே அளந்து பார்த்து 1983-ல் வெளியிட்டார். ஒரு கன மீட்டர் காற்றில் சராசரியாக ஏறக்குறைய 7 மில்லிகிராம் தூசு இருந்தது. அரைகுறையாக எரியும் விறகிலிருந்து கிளம்பும் துகள்களில் பெரும்பாலானவை 2.5 மைக்ரானுக்கும் குறைவானவை. நம் தலைமுடியின் பருமனோ சுமார் 70 மைக்ரான். இவ்வளவு நுண்ணிய துகளை மூக்கு வடிகட்டாது. அது நேரே நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். கரியடுப்பில் இன்னொரு ஆபத்து, மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்ஸைடு. மூடிய அறையில் அங்கீட்டி வைத்துத் தூங்கி, எழுந்திராமலே போனவர்களைப் பற்றி வடநாட்டுப் பத்திரிகைகளில் குளிர்காலத்தில் செய்தி வரும்.

நான் ரசாயனம் படித்த பி.எஸ்ஸி. கார்பன் மோனாக்ஸைடு பற்றிப் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியவன். 1972-ல் உத்தியோகத்தில் சேர்ந்த மூன்றாம் மாதமே ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தேன். இந்தியன் ஆயிலின் இண்டேன் கேஸ் 1965-லேயே கல்கத்தாவில் அறிமுகமாகியிருந்தது. ஆனால் எங்கள் வீட்டு கேஸுக்கு நான் பெயர் கொடுத்தது 1976-ல். சிலிண்டர் வந்தது 1979-ல். அதன்பின் அம்மாவின் இருமல் வெகுவாகக் குறைந்தது. மாடிப்படி ஏறினால் வரும் மூச்சிரைப்பு மட்டும் கடைசிவரை போகவில்லை. ஒரு நாளும் அவள் கேஸ் வேண்டும் என்று கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டியவள் அவளல்ல. யோசித்திருக்க வேண்டியவன் நான்.

2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில், 2019-க்குள் 8 கோடி ஏழைக் குடும்பங்களுக்கு கேஸ் இணைப்பு கிடைத்தது. பெரிய சாதனைதான். ஆனால் அடுத்த சிலிண்டருக்குப் பணமில்லாமல் விறகுக்கே திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

நம் வீடுகளில் அங்கீட்டி போய்விட்டது. புகை முழுவதும் போய்விடவில்லை. மிளகாய் தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் விசிறியைப் போடுங்கள். கொசுவர்த்தியை மூடிய அறையில் கொளுத்தாதீர்கள். ஹோமம் நடக்கும் நாளில் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாளிடம் அவர் வீட்டில் என்ன அடுப்பு என்று ஒருநாள் விசாரியுங்கள். அவராகச் சொல்லமாட்டார்.

டாக்டர் பத்மாவதி 103 வயது வாழ்ந்து, 2020 ஆகஸ்டில் தில்லியில் காலமானார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது, வாசலில் ஓலை விசிறியோடு குந்தி உட்கார்ந்திருந்த அம்மாதான்.