வெடிமருந்து தந்த விடை



1896ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். பாரிஸ் நகரிலிருந்து அல்பிரட் நோபல் தம் உதவியாளர் சோல்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். தமது இருதய நோய்க்கு நைத்திரோகிளிசரினை உட்கொள்ளுமாறு வைத்தியர்கள் சொல்லியிருப்பதை விதியின் விளையாட்டு என்று அதிலே குறிப்பிட்டார். அந்தத் திரவத்தைக் கொண்டே அவர் டைனமைற் செய்து பெருஞ்செல்வரானார். மக்கள் அஞ்சுவார்களே என்று வைத்தியர்கள் அதற்கு வேறு பெயரிட்டு வழங்கினார்கள். அவ்வாண்டு டிசம்பர் 10ஆம் திகதி நோபல் காலமானார்.

1847இல் இந்தத் திரவத்தை முதலில் ஆக்கிய இத்தாலியரான சொப்ரேரோ, அதில் சிறிதளவு நாவிற் பட்டாலே தலை இடிப்பதைக் கண்டார். 1879இல் லண்டன் வைத்தியர் வில்லியம் மரெல், தம்மீதே பரீட்சித்த பின் நெஞ்சுவலிக்காரருக்கு அதைக் கொடுத்துப் பயன் கண்டார். ஆயினும் அம்மருந்து எவ்வாறு வேலை செய்கிறது? விடை கிடைக்க ஏறத்தாழ நூறாண்டு சென்றது. அது நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவை வெளிவிட்டே குருதிக்குழாயைத் தளரச் செய்கிறது என்பதை 1977இல் அமெரிக்கரான பெரிட் முராட் காட்டினார்.

அதே காலத்தில் நியூயோர்க்கின் புரூக்ளினில் றொபேட் பேர்ச்கொட்டை வேறொரு புதிர் வாட்டியது. அசற்றைல்கோலின் என்னும் பொருள் உயிருள்ள உடலில் குருதிக்குழாயை விரிக்கிறது. ஆய்வுகூடத்தில் வெட்டியெடுத்த முயலின் பெருநாடியையோ அது சுருக்கியது. ஏன்?

1978இல் ஒருநாள் அவருடைய உதவியாளர் பரிசோதனையின் ஒழுங்கைத் தவறுதலாக மாற்றிவிட்டார். சுருங்கவேண்டிய நாடி தளர்ந்தது! பேர்ச்கொட் அதைப் பிழையென்று தள்ளிவிடவில்லை. தேடிப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. நாடியைத் துண்டாக்கும்போது, ஒரேயொரு கலத்தின் தடிப்பேயுள்ள அதன் உட்படை உரசுண்டு போயிருந்தது. உட்படை இருந்தால் நாடி தளரும், இல்லாவிட்டால் சுருங்கும். உட்படை இழந்த துண்டின்மேல் உட்படையுள்ள துண்டைப் பொருத்தி வைத்தார். இழந்த துண்டும் தளர்ந்தது. ஆகவே உட்படையிலிருந்து ஏதோ ஒன்று சுரந்து வருகிறது!

1980இல் இது வெளியாயிற்று. அந்த 'ஏதோ ஒன்று' நைத்திரிக் ஒட்சைட்டே என்று 1986இல் பேர்ச்கொட்டும் லூயிஸ் இக்னாரோவும் தனித்தனியே முன்வைத்தனர். 1998இல் இவ்விருவருக்கும் முராட்டுக்கும் கிடைத்த பரிசு எது தெரியுமா? நோபல் பரிசேதான்!

நோயாளி நாவின்கீழ் வைக்கும் மருந்து தருவதை, நலமுள்ள குருதிக்குழாய் தானே ஆக்கிக்கொள்கிறது. புகைத்தலும் நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் அந்த மெல்லிய உட்படையைக் கெடுக்கின்றன. ஒழுங்கான தேகப்பயிற்சி அதற்கு உதவுகிறது. மாத்திரை வலியைத் தணிக்கும். உட்படையைப் பேணுவது நம் கையிலும் உண்டு. நெடுநாள் நோயாளியிடம் வைத்தியர் "தினமும் கொஞ்சம் நடவுங்கோ" என்று சொன்னால், அது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல.