லூட் பாக்ஸ்

லூட் பாக்ஸ் என்பது வீடியோ கேமுக்குள் விற்கப்படும் மர்மப் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்பது காசு கொடுத்த பிறகே தெரியும். துப்பாக்கிக்கு வண்ணப் பூச்சு, அபூர்வக் கதாபாத்திரம், கால்பந்து வீரரின் அட்டை என எது வேண்டுமானாலும் வரலாம். பெரும்பாலும் வருவது யாருக்கும் வேண்டாத ஒன்று.

இதன் வேர் ஜப்பானில் இருக்கிறது. காசு போட்டுத் திருகினால் உருண்டை டப்பாவில் பொம்மை விழும் ‘கச்சாபோன்’ எந்திரங்கள் அங்கே வெகு பிரபலம். கொரியாவின் ‘மேப்பிள் ஸ்டோரி’ இணைய விளையாட்டு, 2004 ஜூனில் தன் ஜப்பானியப் பதிப்பில் அதே பெயரில் 100 யென் சீட்டு விற்றது. முதல் லூட் பாக்ஸ் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். அடுத்து, கிரீ, டிஎன்ஏ போன்ற நிறுவனங்களின் கைபேசி விளையாட்டுகளில் ‘கம்ப்ளீட் கச்சா’ பரவியது. குலுக்கலில் வரும் குறிப்பிட்ட அட்டைகள் அத்தனையும் சேர்ந்தால்தான் பெரிய பரிசு. அட்டைகள் சேரச் சேர, கையில் இருப்பதே திரும்ப வரும் வாய்ப்பும் கூடும். கடைசி அட்டைதான் பணத்தைக் கரைக்கும். 2012 மே மாதம் ஜப்பானின் நுகர்வோர் விவகார முகமை இம்முறையைச் சட்டவிரோதம் என்றது. சாதாரணக் குலுக்கலை அது தொடவில்லை.

மேற்கில் 2009இல் ஃபிஃபா கால்பந்து விளையாட்டின் அட்டைப் பொட்டலங்களும், 2010இல் வால்வ் நிறுவனத்தின் ‘டீம் ஃபோர்ட்ரெஸ் 2’ பெட்டிகளும் வந்தன. பெட்டி விளையாடும்போதே கிடைக்கும், சாவிக்குத்தான் காசு. மறு ஆண்டே அந்த விளையாட்டு இலவசமானது.

வால்வின் ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’ 2013இல் இதை மெருகேற்றியது. சாவி 2.49 டாலர். திறந்ததும் வண்ணத் துப்பாக்கிகளின் வரிசை திரையில் விர்ரென்று ஓடி, மெல்ல வேகம் குறைந்து, ஒன்றில் நிற்கும். அபூர்வக் கத்தி ஒரு கட்டம் தள்ளி நிற்பதைப் பார்த்து, ‘இதோ, நூலிழையில் தப்பியது’ என்று அடுத்த சாவி வாங்கியவர்கள் ஏராளம். உண்மையில் அப்படி எதுவும் தப்பவில்லை. ஓடும் வரிசை வெறும் காட்சிதான். நிகழ்தகவை வெளியிட வேண்டும் என்று சீனா 2017இல் கட்டாயமாக்கியபோது கணக்கு வெளிவந்தது: கத்தி வகை கிடைக்கும் வாய்ப்பு 0.26 சதவீதம். எண் தெரிந்ததால் விற்பனை நின்றுவிடவில்லை.

பெரிய எதிர்ப்பு 2017 நவம்பரில் வெடித்தது. 60 டாலர் கொடுத்து வாங்கிய ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2’இல், டார்த் வேடராக ஆட 60,000 புள்ளிகள் சேர்க்க வேண்டியிருந்தது, பல பத்து மணி நேர உழைப்பு. சலித்தவர்களுக்குப் பெட்டி காத்திருந்தது. தயாரிப்பாளரான ஈஏ அளித்த விளக்கம் ரெட்டிட்டில் ஆறு லட்சத்துக்கும் அதிகமான எதிர் வாக்குகளைப் பெற்றது. விற்பனை தொடங்குவதற்கு முந்தைய நாள் பெட்டிகளைக் காசு கொடுத்து வாங்கும் வசதியை நிறுவனம் நிறுத்தி வைத்தது.

பிறகு சட்டங்கள் விழித்துக்கொண்டன. ஆனால் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு திசையில் போனது. பெல்ஜியம் 2018இல் காசுக்கு விற்கும் பெட்டிகளைச் சூதாட்டம் என்றது. நெதர்லாந்து, ஃபிஃபா அட்டைப் பொட்டலங்களுக்காக ஈஏவுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. பொட்டலம் தனி விளையாட்டல்ல, திறமை சார்ந்த ஆட்டத்தின் ஒரு பகுதி என்று கூறி, 2022இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் ஈஏ அதிகாரி லூட் பாக்ஸை, உள்ளே பொம்மை வைத்த கிண்டர் சாக்லேட் முட்டையோடு ஒப்பிட்டார். அரசும் தனிச் சட்டம் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. ‘இது சூதாட்டமா?’ என்ற ஒற்றைக் கேள்வியைச் சுற்றியே வாதம் நடந்தது நிறுவனங்களுக்குத்தான் வசதி. விலையை மறைப்பதும் வாய்ப்பைத் திரிப்பதும் சூதாட்டமாக இல்லாவிட்டாலும் ஏமாற்றுத்தான்.

கொரியாவின் போட்டி ஆணையம் ஏமாற்றைத் தண்டிக்கும் வழியில் போனது. ‘மேப்பிள் ஸ்டோரி’யில் பொருள்களின் திறனை மாற்றும் ‘கியூப்’ விற்பனையில், சில சேர்க்கைகளின் வாய்ப்பைச் சொல்லாமல் குறைத்ததற்காகவும் பூஜ்யமாகவே ஆக்கியதற்காகவும், 2024 ஜனவரியில் நெக்ஸான் நிறுவனத்துக்குச் சுமார் 1,160 கோடி வோன் அபராதம் விதித்தது.

அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025 ஜனவரியில் ‘கென்ஷின் இம்பாக்ட்’ விளையாட்டின் வெளியீட்டாளரிடமிருந்து 2 கோடி டாலர் பெற்றுச் சமரசம் செய்துகொண்டது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதமின்றிப் பெட்டி விற்கக் கூடாது, விளையாட்டு நாணயங்களின் மாற்று மதிப்பைச் சொல்ல வேண்டும், நேரடியாகப் பணம் கொடுத்தும் வாங்க வழி வேண்டும் என்பவை நிபந்தனைகள். கவுண்டர்-ஸ்ட்ரைக் பெட்டிகள் பெரும்பாலான நாடுகளில் அதன் பிறகும் விற்பனையில் இருந்தன.