காப்பும் அச்சமும்: தமிழகத்தில் ‘ஆபத்தான நாய்’ என்னும் கருத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஒன்றிய அரசின் கால்நடைப் பராமரிப்பு, பால்வளத் துறை 2024 மார்ச் 12 அன்று மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மனித உயிருக்கு ஆபத்தானவை எனக் கருதப்படும் 23 வகை நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றைத் தடைசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். நாயின் ஆபத்து அதன் இனத்தில் உறைகிறது என்னும் கருத்தை அச்சுற்றறிக்கை அடிப்படையாகக் கொண்டது. தமிழகத்தில் இக்கருத்து எவ்வளவு பழைமையானது, இதற்கு முன் ஆபத்து எங்கு இருப்பதாகக் கருதப்பட்டது என்னும் வினாக்களை இக்கட்டுரை இலக்கியம், நடுகல், குடியேற்றக்கால மருத்துவம், சட்டம் ஆகிய சான்றுகளின்வழி ஆராய்கிறது. தென்பெண்ணையாற்றின் கீழ்ப்பகுதியில் அமைந்த நெல்லிக்குப்பம் நகராட்சியை முன்னிறுத்தி, இனவழித் தடை ஒரு சிற்றூர் நிருவாகத்தில் எதிர்கொள்ளும் நடைமுறைச் சிக்கலையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: நாயினங்கள், நடுகல், எடுத்தனூர், வெறிநாய்க்கடி, இனவழித் தடை, நெல்லிக்குப்பம், உடையவர் பொறுப்பு.

முன்னுரை

நாய் மனிதனோடு மிகப் பழங்காலந்தொட்டு வாழ்ந்துவரும் விலங்காகும். வேட்டைக்கும் காவலுக்கும் அது பயன்பட்டது அதன் கடிக்கும் திறனால்தான். ஆகவே கடித்தல் என்பது நாயின் குறையாக மட்டும் எக்காலத்திலும் கருதப்பட்டதில்லை. எங்கே, யாரை, யாருக்காகக் கடித்தது என்பதைக் கொண்டே அது சிறப்பாகவும் குற்றமாகவும் மதிப்பிடப்பட்டது. இம்மதிப்பீடு காலந்தோறும் மாறிவந்த வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

1. இலக்கண, இலக்கியச் சான்றுகள்

தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைப்பெயராகக் ‘குருளை’ என்பதைக் கூறுகிறது. பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைக்கும் அப்பெயரே உரியது. பெண்நாய்க்கும் பெண்பன்றிக்கும் ‘பாட்டி’ என்னும் பெயர் வழங்கும் என்றும் அது குறிக்கிறது. இளமையும் பாலும் பற்றிய பெயர்கள் இவ்வாறு வகுக்கப்பட்டிருப்பினும், நாய்களை இனவாரியாகப் பிரித்துக் குணம் கற்பிக்கும் முறை மரபியலில் இல்லை.

உரியியலில் ‘கடி’ என்னும் உரிச்சொல்லுக்குக் கூறப்படும் பொருள்களுள் காப்பு, கூர்மை, அச்சம் என்னும் மூன்றும் இடம்பெறுகின்றன. பல்லால் கடித்தலைக் குறிக்கும் வினைச்சொல்லையும் இவ்வுரிச்சொல்லையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் காவலும் அச்சமும் ஒரே சொல்லின் பொருள்களாக நிற்பது, காக்கும் பொருள் அஞ்சப்படும் பொருளாகவும் இருக்கும் என்னும் உணர்வு மொழியில் பதிந்துள்ளதைக் காட்டுகிறது எனலாம்.

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் பண்டகசாலை முற்றத்தைக் காட்டும்போது, கூரிய நகமுடைய ஆண்நாய்கள் ஆட்டுக்கிடாய்களோடு துள்ளித் திரிவதைச் சித்திரிக்கிறது. அந்நகங்களின் கூர்மையைப் புலவர் மறைக்கவில்லை. ஆயினும் பழகிய முற்றத்தில் அக்கூர்மை எவருக்கும் தீங்காகவில்லை. குறிஞ்சித்திணைப் பாடல்களில் கானவரோடு செல்லும் வேட்டைநாய்களோ விலங்குகளை விரட்டிப் பிடிக்கின்றன. நாயின் இயல்பு அது நிற்கும் களத்தை ஒட்டி வேறுபடுவதாகவே இப்பாடல்கள் காட்டுகின்றன.

2. கல்லில் நின்ற கடி

நாயின் கடி போற்றப்பட்டதற்குத் தமிழகத்தில் கிடைக்கும் சிறந்த சான்று எடுத்தனூர் நடுகல் ஆகும். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டார நடுகற்களுள் ஒன்றாக இது கண்டறியப்பட்டது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எனவே ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குரியது. எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்துபட்ட கருந்தேவகத்தி என்னும் வீரனுக்காக இது எடுக்கப்பட்டது. அவனுடைய ‘கோவிவன்’ என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதையும் கல்வெட்டு பதிவுசெய்கிறது. வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது.

இச்சான்றில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, நாய்க்குத் தனிப்பெயர் உண்டு, இனப்பெயர் கூறப்படவில்லை. இரண்டாவது, கடியும் காவலும் ஒரே செயலாகக் கூறப்படுகின்றன. மூன்றாவது, கடிபட்டவர் ‘கள்வர்’ எனச் சுட்டப்படுகின்றனர். ஆநிரை கவர்தல் வெட்சித்திணையாகவும், அதனை மீட்டல் கரந்தைத்திணையாகவும் இலக்கணம் கண்ட சமூகத்தில், ஒரு பக்கத்தாருக்குக் கள்வனாக இருப்பவன் மறுபக்கத்தாருக்கு வீரனாக இருந்திருக்கக்கூடும். ஆகவே கோவிவனின் கடி நியாயமானதா என்பதை முடிவுசெய்தவர் கல் எடுத்தவரே ஆவர். கடிபட்டவர் தரப்புக்குக் கல் இல்லை.

கருநாடகத்தின் ஆதகூர்க் கல்வெட்டும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்கும் சோழ இளவரசன் இராசாதித்தனுக்கும் நடந்த தக்கோலப் போரைக் குறிப்பிடும் இப்பத்தாம் நூற்றாண்டுக் கல், காட்டுப்பன்றியோடு பொருது மாண்ட ‘காளி’ என்னும் வேட்டைநாயையும் நினைவுகூர்கிறது. அங்கும் நாய் தன் பெயராலும் செயலாலுமே அறியப்படுகிறது.

வைரவரின் ஊர்தியாக நாய் சிவன் கோயில்களில் இடம்பெறுவதும், ஊர்க்காவல் தெய்வங்களின் அருகில் நாயுருவங்கள் வைக்கப்படுவதும் இக்காவல் மரபின் சமய வடிவங்களாகும். அச்சம் தரும் தெய்வமே காக்கும் தெய்வமும் ஆதல் இவ்வழிபாட்டின் அடிப்படை.

3. குடியேற்றக்காலம்: நோயும் உடைமையும்

ஆங்கிலேயர் ஆட்சியில் ஆபத்தான நாய் என்னும் கருத்து இரு தடங்களில் வளர்ந்தது. ஒன்று மருத்துவம், மற்றொன்று சட்டம்.

1885இல் பாரிசில் லூயி பாஸ்டர் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்தைச் செலுத்தினார். இந்தியாவில் முதல் பாஸ்டர் நிறுவனம் 1900இல் கசௌலியில் தோன்றியது. தென்னிந்தியாவில் கடிபட்டவர்கள் சிகிச்சைக்காக நாட்டின் வடகோடிவரை செல்லவேண்டிய நிலை இருந்தது. 1907இல் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தமையும், அமெரிக்கக் கொடையாளர் ஹென்றி ஃபிப்ஸின் நன்கொடையும் அதன் தோற்றத்தோடு தொடர்புபடுத்திக் கூறப்படுகின்றன. பின்னர்க் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய மருந்து, உள்ளூர் மருத்துவமனைகளிலேயே சிகிச்சை பெற வழிசெய்தது. ஆட்டின் மூளைத்திசுவிலிருந்து தயாரிக்கப்பட்ட அவ்வகை மருந்தின் உற்பத்தி இந்தியாவில் 2004ஆம் ஆண்டின் இறுதியில்தான் கைவிடப்பட்டது. இம்மருத்துவப் பார்வையில் ஆபத்து என்பது நோய்க்கிருமியில் இருந்தது. நோயுற்ற நாய் எதுவாயினும், அரண்மனையில் வளர்ந்ததாயினும் தெருவில் திரிந்ததாயினும், ஒன்றே.

சட்டத் தடத்தில் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் முதன்மையானது. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கப் போதிய கவனம் செலுத்தாதவரை அதன் 289ஆம் பிரிவு தண்டித்தது. ஆறு மாதம் வரையிலான சிறை அல்லது 1000 ரூபாய் வரையிலான தண்டம் அல்லது இரண்டும் அதற்குரிய தண்டனை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு இதனையே தொடர்கிறது. தண்டத்தின் உச்சவரம்பு 5000 ரூபாயாக உயர்ந்துள்ளது. இப்பிரிவுகளில் இனம் பற்றிய பேச்சே இல்லை. விலங்கு எவர் வசம் உள்ளதோ அவரே சட்டத்தின் முன் நிறுத்தப்படுகிறார்.

4. இனம் என்னும் புதிய அளவுகோல்

நாய்களை வமிசாவளிப் பதிவேட்டின்வழி இனங்களாக வரையறுக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆக்கமாகும். இலண்டனில் கென்னல் கிளப் 1873இல் நிறுவப்பட்டது. அதற்குமுன் நாய்கள் பெரும்பாலும் வட்டாரத்தாலும் தொழிலாலும் அறியப்பட்டன. கறிக்கடைக்காரர்களின் மாடுகளை ஓட்டிச்சென்ற நாய், ஜெர்மனியின் ராட்வைல் நகரால் ‘ராட்வீலர்’ எனப் பெயர்பெற்றது. தமிழகத்தின் இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை ஆகியனவும் ஊர்ப்பெயர்களே. இவற்றுள் இராஜபாளையம் நாய் 2005இல் இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்றது. இந்நாட்டு நாயினங்களின் வரலாற்றைச் சு. தியடோர் பாஸ்கரன் விரிவாக ஆவணப்படுத்தியுள்ளார்.

பிட்புல் வகையின் தோற்றம் இதனின் வேறுபட்டது. இங்கிலாந்தில் கட்டிய காளையின்மீது நாய்களை ஏவும் கேளிக்கை 1835இல் தடைசெய்யப்பட்டது. அதன்பின் குழிக்களங்களில் நாய்ச்சண்டை வளர்ந்தது. அதற்கென வலிமையும் பிடிவிடாத தன்மையும் தேர்ந்து பெருக்கப்பட்டன. இவ்வரலாற்றைப் புறக்கணித்து, எல்லா நாயும் ஒன்றே என வாதிடுதல் உண்மைக்கு மாறானது. பேருடல் நாயின் கடி விளைவிக்கும் காயம் சிறுநாயின் கடியினும் கொடியது என்பதில் ஐயமில்லை. 2022இல் லக்னோவில் முதிய பெண்மணி ஒருவரை அவர் வீட்டுப் பிட்புல் நாயே கொன்றது. ஆகவே இனவழித் தடை கோருவோரின் அச்சம் அடிப்படையற்றது அன்று.

பிரிட்டன் 1991இல் இயற்றிய ஆபத்தான நாய்கள் சட்டம் பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரேசிலெய்ரோ ஆகிய நான்கு வகைகளைத் தடைசெய்தது. முப்பதாண்டுகளுக்குப்பின் அமெரிக்க எக்ஸ்எல் புல்லி என்னும் ஐந்தாவது வகையைச் சேர்க்க நேர்ந்தது. ஒரு வகை தடைசெய்யப்பட, மற்றொரு வகை பெருகிய நிலையை இது காட்டுகிறது. நெதர்லாந்து தன் பிட்புல் தடையை 2008இல் விலக்கிக்கொண்டது.

5. 2024: சுற்றறிக்கையும் சென்னை நிகழ்வும்

தில்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கைத் தொடர்ந்தே ஒன்றிய அரசின் சுற்றறிக்கை வெளியாயிற்று. ஏற்கெனவே வளர்க்கப்படும் நாய்களுக்குக் கருத்தடை செய்யவும் அது கூறியது. அதன் பட்டியலில் ராட்வீலர், கங்கல், கேன் கோர்சோ முதலிய இனப்பெயர்களோடு ‘மாஸ்டிஃப்’, ‘டெரியர்’ என்னும் தொகுதிப்பெயர்களும் கலந்திருந்தன. டெரியர் என்பது மடியில் ஏந்தத்தக்க சிறுநாய்களையும் உள்ளடக்கும் பெருந்தொகுதி. பட்டியலை வகுத்தோர் இனத்தையும் தொகுதியையும் வேறுபடுத்தவில்லை என்பது இதனால் புலனாகும். தமிழகத்தின் நாட்டினங்கள் எவையும் அதில் இல்லை.

தொடர்புடையோரின் கருத்தைக் கேளாமல் வெளியிடப்பட்டது என்னும் அடிப்படையில், 2024 ஏப்ரலில் கருநாடக உயர் நீதிமன்றம் இச்சுற்றறிக்கையை நீக்கியது. அதே மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றமும் அதனை நீக்கியது. பின்னர் ஒன்றிய அரசு பொதுமக்களின் கருத்துகளைக் கோரியது.

இந்நிலையில் 2024 மே 5 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் கடுங்காயப்படுத்தின. அச்சிறுமி அப்பூங்காக் காவலாளியின் மகள். இதனையடுத்துத் தமிழ்நாடு அரசின் துறை 23 வகைகளைத் தடைசெய்து ஆணை வெளியிட்டது. நீதிமன்றத் தீர்ப்புகளின் காரணமாக அவ்வாணை உடனே திரும்பப் பெறப்பட்டது. நாய்களின் உடையவர்மீது தொடரப்பட்ட நடவடிக்கைக்கு ஆதாரமாக நின்றது 1860ஆம் ஆண்டின் பழைய சட்டப்பிரிவே ஆகும்.

எடுத்தனூர்க் கல்லோடு இந்நிகழ்வை வைத்துப் பார்ப்பின் மாற்றம் விளங்கும். அங்கே நாய் காவல் செய்வோனுக்குத் துணைநின்று அயலாரைக் கடித்தது. இங்கே பொதுவிடத்தில், காவல் செய்வோனின் குழந்தையே கடிபட்டது. வெட்சி, கரந்தை போன்ற எந்த வழக்காலும் இக்கடியை நியாயப்படுத்த இயலாது. காவற்களத்திலிருந்து பிரிக்கப்பட்டுச் செல்வநிலையின் அடையாளமாக நகருக்குள் வந்த வலிய நாயின் ஆபத்தை, அதனை வாங்கும் நிலையில் இல்லாதவரே சுமக்கின்றனர்.

6. நெல்லிக்குப்பத்தில் தடை எவ்வாறு இயங்கும்?

கடலூர் – பண்ருட்டிச் சாலையில், கரும்பு வயல்கள் சூழ்ந்த ஊர் நெல்லிக்குப்பம். 1842இல் வேர்கொண்ட சர்க்கரை ஆலையால் அறியப்பட்ட இவ்வூர் இன்று ஒரு நகராட்சி. மேற்கே சாத்தனூரில் தேக்கப்படும் தென்பெண்ணை இவ்வட்டாரத்தின் வழியாகவே கடலை அடைகிறது. கோவிவனின் கல் நின்ற வட்டாரத்தையும் இவ்வூரையும் ஒரே ஆறு இணைக்கிறது.

ஒன்றிய அரசின் சுற்றறிக்கை உள்ளாட்சி அமைப்புகள் உரிமம் வழங்கலாகாது எனக் கூறியது. அது செல்லுபடியாகியிருப்பின், நெல்லிக்குப்பம் போன்ற நகராட்சியின் அலுவலர் தம்முன் நிற்கும் நாய் பட்டியலில் அடங்குமா என்பதை முடிவுசெய்ய வேண்டியிருந்திருக்கும். கலப்பின நாய்க்கு வமிசாவளிச் சான்று இராது. தோற்றத்தைக் கொண்டு முடிவுசெய்தால் ஒரு கலப்பின நாய் தடைக்குள் அகப்படும். கட்டுப்பாடின்றி வளரும் மற்றொரு முரட்டு நாய் தப்பும்.

இதே ஊரில் நாய்க்கடிபட்டவர் அரசு மருத்துவமனைக்குச் சென்றால் நிலை வேறு. காயம் எத்தகையது, நாய் தடுப்பூசி பெற்றதா, கண்காணிக்கத்தக்கதா என்பனவே மருத்துவருக்கு வேண்டியவை. உலக நலவாழ்வு நிறுவனம் காயத்தை மூன்று நிலைகளாகப் பகுத்துச் சிகிச்சையை வரையறுக்கிறது. நாயின் இனம் சிகிச்சை முறையை மாற்றுவதில்லை. தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் கடமையை 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் உள்ளாட்சிகளின்மீது வைத்துள்ளன. சிற்றூர் மக்கள் நாளும் எதிர்கொள்ளும் ஆபத்து இக்கடமையின் நிறைவேற்றத்தைப் பொறுத்ததேயன்றி, இறக்குமதி இனங்களின் பட்டியலைப் பொறுத்ததன்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. பழந்தமிழ்ச் சான்றுகள் நாயின் கடியை அதன் களத்தையும் செயலையும் கொண்டு மதிப்பிட்டன. குடியேற்றக்கால மருத்துவம் ஆபத்தை நோயில் கண்டது. சட்டம் அதனை உடையவரின் கவனக்குறைவில் கண்டது. ஆபத்தை இனத்தில் காணும் பார்வை தமிழகத்திற்கு மிக அண்மையில் வந்ததாகும்.

இனத்தின் உடல்வலிமை காயத்தின் கடுமையைக் கூட்டுகிறது. ஆகவே வலிய நாய்களை வளர்ப்போர்க்குக் கூடுதல் கடப்பாடு விதித்தல் தக்கதே. ஆனால் பட்டியலில் பெயரில்லாத நாயை வளர்ப்பவர் தமக்குப் பொறுப்பில்லை எனக் கருதும் நிலை உருவாகுமாயின், 1860ஆம் ஆண்டின் சட்டம் வகுத்த தெளிவும் இழக்கப்படும். கோவிவனின் பெயரைப் பொறித்தவர்கள் அது எவருடைய நாய் என்பதையும் அதே கல்லில் பொறித்தனர். உடையவரிடமிருந்து நாயைப் பிரித்துப் பேசும் சட்டம் அடுத்த குழந்தையைக் காக்கப் போதுமானதன்று.