கிருஷ்ணன் மறுத்த அழைப்பு

ஏற்காட்டு ஏரிக்கரை நடையில் டென்னிஸ் பேச்சு வந்தால் நண்பர்களுக்கு விஜய் அமிர்தராஜ். எனக்கு ராமநாதன் கிருஷ்ணன்தான்.

1954-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். இறுதியில் அவரிடம் தோற்ற ஆஷ்லி கூப்பர் 1958-இல் பெரியவர்கள் பட்டத்தையே வென்றுவிட்டார். நம்மவரோ 1960-இல் அரையிறுதியில் நீல் பிரேசரிடமும், 1961-இல் ராட் லேவரிடமும் தோற்றார். இருவருமே அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள்!

ஜாக் கிரேமர் தொழில்முறை ஆட்டத்துக்கு அழைத்தார். கைநிறையப் பணம். ஆனால் அன்றைய விதிப்படி விம்பிள்டனும் கிடையாது, டேவிஸ் கோப்பையும் கிடையாது. கிருஷ்ணன் மறுத்துவிட்டார். 1966-இல் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிவரை போனது அவரை நம்பித்தான்.

மகன் ரமேஷ் 1979-இல் அதே ஜூனியர் பட்டத்தை வென்றார். அதற்குள் விதி மாறியிருந்தது. தொழில்முறை ஆட்டக்காரராகி 1985-இல் உலகத் தரவரிசையில் 23-ஆம் இடம் பிடித்தார். 1987-இல் டேவிஸ் கோப்பை இறுதியிலும் ஆடினார்.