முருங்கை, மருங்கை, மலுங்கை

தினோலா என்பது பிலிப்பைன்ஸ் வீடுகளில் வைக்கும் கோழி சூப். இஞ்சி, பூண்டு, வெங்காயம் வதக்கி, எலும்போடு வெட்டிய கோழியைப் பிரட்டி, அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி வேகவிடுவார்கள். கறி வெந்ததும் பப்பாளிக்காய்த் துண்டுகள். கடைசியில் ஒரு கைப்பிடி கீரையைப் போட்டு அடுப்பை அணைத்துவிட வேண்டும். மஞ்சள், சீரகம், மிளகாய்த்தூள் எதுவும் கிடையாது. உப்புக்கு, மீனை உப்பில் புளிக்கவைத்து வடிக்கும் பத்திஸ் என்ற சாறு.

அந்தக் கீரைக்குத் தகாலோக் மொழியில் மலுங்கை என்று பெயர். வடக்கே இலோகானோவில் மருங்கை. விசயத் தீவுகளில் கமுங்கை. சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்பது முருங்கை.

இதை நண்பன் ஒருவனிடம் சொன்னேன். "அப்போ சோழன் கப்பல்லதான் போயிருக்கும்டா" என்றான். சிதம்பரத்துக்காரனுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. காம்போஜ மன்னன் குலோத்துங்கனுக்கு அனுப்பிய கல்லை இங்கே கோயிலில் பதித்ததாகவே ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜேந்திரனின் படை 1025இல் கடாரம் வரை போனது. ஆனால் கடாரத்திலிருந்து மணிலா இன்னும் வெகுதூரம். அந்தப் படை அதைத் தாண்டி அங்கே போனதற்குச் சான்று கிடையாது.

கடலூர்ப் பக்கம் வேறொரு கதை சொல்லலாம். 1690இல் ஆங்கிலேயர் வாங்கிய தேவனாம்பட்டினத்துக் கோட்டைதான், 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்த பிறகு சில வருஷம் அவர்களுக்குத் தலைமையிடம். மீண்டும் சென்னைக்குப் போன அதே கம்பெனி, 1762இல் அங்கிருந்து கப்பல்களில் சிப்பாய்களை ஏற்றி மணிலாவைப் பிடித்தது. 1764இல் ஆங்கிலேயர் கிளம்பியபோது சில சிப்பாய்கள் திரும்பவில்லை. மணிலாவுக்குப் பக்கத்தில் காயின்டா என்ற ஊரில் குடும்பம் நடத்தி அங்கேயே கலந்துவிட்டார்கள்.

அவர்கள் கொண்டுபோன கீரையா? எனக்கு அப்படிப் படவில்லை. தீவுக்குத் தீவு ஒரு பெயர் இவ்வளவு உருமாற நாள் பிடிக்கும். மலாயிலும் மெருங்கை என்ற சொல் இருக்கிறது. அதனால் மலாய்த் துறைமுகங்கள் வழியாக, சிப்பாய்களுக்கு வெகு முன்பே போயிருக்க வேண்டும்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பரங்கிப்பேட்டை இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையின் துணி மணிலாவுக்குப் போனது. ஆங்கிலேயர் அங்கே வர ஸ்பெயின் தடை போட்டிருந்ததால், அவர்கள் ஆசிய வணிகர்களின் பெயரிலும் கொடியிலும் சரக்கு அனுப்பினார்கள். மணிலாவிலிருந்து ஸ்பானியக் கப்பல்கள் அதை மெக்சிகோவின் அகபுல்கோவுக்குக் கொண்டுபோயின. திரும்பும்போது வெள்ளி வந்தது. பப்பாளியும் மிளகாயும் அந்தப் பசிபிக் கடலைத் தாண்டி வந்தவைதான். துணிக்கும் வெள்ளிக்கும் கணக்கு எழுதினார்கள். முருங்கைக்கு யார் எழுதுவார்கள்? ஒரு கொம்பை ஒடித்து நட்டால் துளிர்த்துவிடும் மரம் அது.

தினோலாவை இலக்கியத்தில் ஏற்றியவர் ஹோசே ரிசால். 1887இல் வந்த அவருடைய 'நோலி மே தாங்கெரே' நாவலில் ஒரு விருந்து. பாதிரியார் தமாசோவின் தட்டில் கழுத்தும் இறக்கையும் வந்து விழ, அவர் கொதித்துப்போகிறார். கோழியில் யாருக்கு எந்தத் துண்டு என்பது நம்மூர்ப் பந்தியிலும் மரியாதைப் பிரச்சினைதானே.

போன மாதம் நானே வைத்துப் பார்த்தேன். பத்திஸுக்குப் பதிலாக, கடலூரில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டை ஊறவைத்த தண்ணீரில் இரண்டு கரண்டி. "மஞ்சத்தூள்கூட போடாம என்னடா சூப்பு, கோழி வாடை அடிக்கும்" என்றாள் அம்மா. அடிக்கவில்லை, இஞ்சி பார்த்துக்கொண்டது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று அங்கே தினோலா கொடுப்பார்கள் என்றேன். "முருங்கக்கீரைக்கு ஊறாம? உன்னப் பெத்தப்ப எங்கம்மா எனக்கு அதத்தான் போட்டாங்க" என்றாள்.

அதற்காக இந்தச் சூப் நம்முடையது ஆகிவிடாது. முருங்கையின் பூர்வீகம் இமயமலை அடிவாரம். பப்பாளி மத்திய அமெரிக்கா. காட்டுக்கோழியை வீட்டுக்கோழியாக்கியது பெரும்பாலும் தென்கிழக்காசியா. இந்தப் பானையில் நம் பங்கு ஒரு பெயர் மட்டும்தான். அதைக் கொண்டுபோனவரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அங்கே சந்தையில் கீரை வாங்குகிறவர்கள் தினமும் சொல்லும் சொல்லில் அவர் இருக்கிறார்.