யாழ்ப்பாணத்து வேலி

யாழ்ப்பாணத்து வேலி என்பது, இலங்கையின் வடக்கேயுள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீட்டு வளவுகளின் எல்லையில் கதியால், தென்னங்கிடுகு, பனையோலை, பனைமட்டை முதலியவற்றைக் கொண்டு அமைக்கப்படும் அடைப்பைக் குறிக்கும். நிலத்தின் எல்லையைக் காட்டுதல், கால்நடைகளைத் தடுத்தல், வீட்டாருக்கு மறைப்பளித்தல் ஆகியவற்றுடன், ஆட்டுக்குக் குழையும் தோட்டத்துக்குப் பசளையும் தரும் வளமாகவும் இது பயன்பட்டு வந்துள்ளது. ஓலைகள் உக்கிப்போவதால் இவ்வேலியை ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். இப்பணி வேலியடைப்பு எனப்படுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சீமெந்து மதிலும் தகரமும் இவ்வேலியின் இடத்தைப் பிடித்து வருகின்றன.

வளவும் வேலியும்

குடாநாட்டுக் கிராமங்களில் வீடுகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டியிராது, தனித்தனி வளவுகளுள் அமைந்திருக்கும். தமிழ்நாட்டின் பல ஊர்களிற் காணப்படுவது போன்று, சுவரோடு சுவர் சேர்ந்து வரிசையாக அமைந்த தெருவீடுகள் இங்கு குறைவு. இதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் நாற்புறமும் அடைப்புத் தேவைப்பட்டது.

வீட்டு நிலம் பரப்பு என்னும் அலகால் அளக்கப்படுகின்றது. 16 பரப்பு ஓர் ஏக்கர் ஆகும். அதன்படி ஒரு பரப்பு ஏறத்தாழ 2,720 சதுர அடி. நான்கு பரப்புக் கொண்ட சதுர வளவொன்றைச் சுற்றி அடைப்பதற்கு 400 அடிக்கு மேற்பட்ட நீளமான வேலி வேண்டும். இவ்வளவு நீளத்துக்குக் கல்லாற் சுவர் எழுப்புவது பெரும்பாலான குடும்பங்களுக்கு இயலாத செலவாக இருந்தது. பனையும் தென்னையும் வளவிலேயே நின்றமையால் ஓலை வேலி இயல்பான தெரிவாயிற்று.

வீதிப் பக்க வேலியில் படலை எனப்படும் வாயில் இருக்கும். வசதியுள்ள வீடுகளில் இதற்குக் கூரையிட்டு, வழிப்போக்கர் இளைப்பாறுவதற்கு இருக்கையும் அமைப்பதுண்டு. இதனைச் சங்கடப்படலை என்பர். வளவின் பின்புறத்தில் அடுக்களை, கிணறு, ஆட்டுக்கொட்டில், வாழை முதலியன இருப்பதால் வீட்டு வேலைகளின் பெரும்பகுதி அங்கேயே நடைபெறும். எனவே பின்வேலியும் முன்வேலியைப் போலவே மறைப்பாக இருக்கவேண்டும் என எதிர்பார்க்கப்பட்டது.

உறுப்புக்கள்

கதியால்

வேலியின் தூண்களாக நடப்படும் தடிகள் கதியால் எனப்படும். வெட்டி நட்டால் வேர்விட்டுத் தழைக்கக்கூடிய மரங்களே இதற்குப் பெரிதும் விரும்பப்படுகின்றன. காய்ந்த தடிகளைக் கறையான் அரித்துவிடும். உயிருள்ள கதியாலோ ஆண்டுதோறும் உறுதி பெறும். பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை என்பன பரவலாகப் பயன்படுபவை. குடாநாட்டுக்கு மழையைத் தருவது பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்று ஆகும். எனவே மாரி தொடங்கும் காலத்திற் கதியாலை நட்டால், கோடை வருமுன் அது வேரூன்றிவிடும்.

வரிச்சு

கதியால்களுக்குக் குறுக்காகக் கட்டப்படும் மெல்லிய தடிகள் வரிச்சு எனப்படும். ஓலையைத் தாங்குவதும், கதியால்களை ஒன்றுடனொன்று பிணைப்பதும் இவையே.

மறைப்பு

மறைப்பாகப் பயன்படும் பொருளைக் கொண்டே வேலிகள் பெயர் பெறுகின்றன.

கிடுகு வேலி: தென்னோலையை நடு நரம்பின் வழியே இரண்டாகக் கிழித்து, நீரில் ஊறவைத்து, பின்னிக் காயவைப்பதே கிடுகு ஆகும். இது வீட்டுக் கூரை வேயவும் பயன்படும்.

பனையோலை வேலி: விசிறி போல் விரிந்த பனையோலைகளை அடுக்கி, பாரம் ஏற்றித் தட்டையாக்கிய பின் கட்டுவர்.

மட்டை வேலி: பனையோலையின் காம்பாகிய மட்டைகளை நெருக்கமாக நிறுத்திக் கட்டுவது. மட்டையின் இரு விளிம்பும் வாள்போற் கூரியவை. ஓலையை விட நெடுநாள் நிற்கும்.

அலம்பல் வேலி: முள்ளுள்ள கிளைகளைக் கொண்டு அடைப்பது. மறைப்பு அவசியமில்லாத தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் ஏற்றது.

வேலியடைப்பு

வேலியடைப்பு மழையற்ற மாதங்களிற் செய்யப்படும் வேலையாகும். முதலிற் பழைய ஓலைகளை அகற்றுவர். பட்டுப்போன கதியால்களை அடையாளங்கண்டு, அவ்விடங்களிற் புதியவற்றை நடுவர். அளவுக்கு மீறித் தழைத்த கிளைகளை வெட்டி, வரிச்சுக்களைக் கட்டுவர். பின்னர் நிலத்தை ஒட்டிய வரிசையிலிருந்து தொடங்கி, ஒன்றன் மேலொன்று சற்றுப் படியுமாறு கிடுகுகளை மேல்நோக்கிக் கட்டிச் செல்வர். மேல் வரிசை கீழ் வரிசையின் மீது படிவதால் மழைநீர் உள்ளே தங்காது வழிந்துவிடும்.

கட்டுவதற்குக் குத்தூசி என்னும் நீண்ட ஊசி பயன்படுகின்றது. வேலியின் ஒரு பக்கத்தில் நிற்பவர் கயிறு கோத்த ஊசியை ஓலையூடாகக் குத்தித் தள்ள, மறுபக்கத்தில் நிற்பவர் அதனை வாங்கி, வரிச்சைச் சுற்றித் திருப்பிக் குத்துவார். பனைநார், தும்புக் கயிறு என்பன முன்னர் பயன்பட்டன. பின்னர் கட்டுக்கம்பியும் வழக்குக்கு வந்தது.

இவ்வேலைக்கு இருவர் தேவை என்பதும், அவர்களுள் ஒருவர் அயலவரின் வளவுக்குள் நின்றாக வேண்டும் என்பதும் கவனிக்கத்தக்கன. அயலவரோடு பேச்சுவார்த்தை இல்லாத வீட்டார் தமது வேலியை ஒழுங்காக அடைப்பது கடினம்.

பொருளாதாரப் பயன்கள்

உயிர்க்கதியால்களின் இலையுள்ள கிளைகள் குழை எனப்படும். கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் குழை ஆடுகளுக்கு உணவாகும். புல் அருகிவிடும் நீண்ட கோடையில், சிறிய வளவு உள்ளவர்களும் ஆடு வளர்ப்பதற்கு வேலியே துணைநின்றது. குழையைத் தோட்ட மண்ணில் புதைக்கும் வழக்கமும் உண்டு; இதனைக் குழை தாழ்த்தல் என்பர். சீமைக்கிளுவை, முள்முருக்கு ஆகியவை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வளியிலுள்ள நைதரசனை நிலைப்படுத்தும் நுண்ணுயிர்கள் இவற்றின் வேர்களில் வாழ்வதால், இவற்றின் இலைகள் சிறந்த பசளையாகின்றன. வேலியிலிருந்து கழற்றப்படும் பழைய ஓலையும் வீணாவதில்லை. ஒரு பகுதி அடுப்புக்கும் மறுபகுதி தோட்டத்துக்கும் செல்லும்.

முள்முருக்குக்குச் சடங்கு முறையிலும் இடமுண்டு. யாழ்ப்பாணத்து இந்துத் திருமணங்களில் கன்னிக்கால் ஊன்றுவதற்கு இம்மரத்தின் தடியே பயன்படுகின்றது.

சமூகத்தில் வேலி

அயல்வீட்டாரும் உறவினரும் வீதியைச் சுற்றி வராது நேரே வந்துபோவதற்காக வேலியில் விடப்படும் சிறு இடைவெளி பொட்டு எனப்படும். தேங்காய்ப்பாதி, நெருப்பு, கறி, செய்தி என்பன பொட்டின் வழியே கைமாறும். இரு குடும்பங்களுக்கிடையே மனத்தாங்கல் ஏற்பட்டால் முதலில் அடைபடுவதும் பொட்டே.

மறுபுறத்தில், உயர்ந்த வேலி வீட்டுப் பெண்களைப் புறத்தாரின் பார்வையிலிருந்து மறைத்தது. இதனால் இறுக்கமான, தன்னுள்ளே அடங்கிய சமூகத்தைச் சுட்டுவதற்கு 'கிடுகு வேலிக் கலாசாரம்' என்ற தொடர் விமரிசன நோக்கிற் பயன்படுத்தப்பட்டு வருகின்றது. எழுத்தாளர் செங்கை ஆழியானின் புதினம் ஒன்றின் பெயரும் 'கிடுகு வேலி' என்பதாகும்.

எல்லையும் சட்டமும்

கதியால் மாற்றும்போது புதியதைப் பழைய குழியில் நடாது, அயல் வளவின் பக்கமாகச் சற்றுத் தள்ளி நடுவது யாழ்ப்பாணத்து வேலிச் சண்டைகளின் வழமையான தொடக்கம் ஆகும். ஒவ்வொரு வேலியடைப்பிலும் ஒரு சாண் நகர்ந்தாலும், நீண்ட வேலியில் அது கணிசமான நிலமாகிவிடும்.

இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. இலங்கையின் 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தனியார் நிலமொன்றை உரிமையாளருக்கு எதிராக, இடையறாதும் தடையின்றியும் பத்தாண்டுகள் ஆட்சிசெய்தவர் அதற்கு உரிமை கோரலாம். ஆகவே நகர்ந்த வேலியைப் பத்தாண்டுகள் பாராமுகமாக விட்டவர் அந்நிலத்தை இழக்க நேரலாம். நில அளவையாளர் இட்ட எல்லைக்கற்களும், உறுதியோடு இணைந்த வரைபடமும், வரிசையாக முதிர்ந்து நிற்கும் பழைய கதியால் மரங்களும் இத்தகைய பிணக்குகளில் முக்கியமாகின்றன.

போரின் தாக்கம்

1990ஆம் ஆண்டில் பலாலி, காங்கேசன்துறைப் பகுதிகளிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தனர். ஆண்டுதோறும் கைபடவேண்டிய ஓலை வேலி, ஆளில்லாத வளவில் நிலைப்பதில்லை. உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த காணிகள் போர் முடிந்த பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பிய பலருக்குத் தமது வளவின் எல்லையைக் கண்டறிவதே முதல் வேலையாயிற்று.

போர்க் காலத்தில் நீதிமன்றத்தை நாட இயலாதிருந்தோரின் நிலவுரிமையைக் காக்க, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (சிறப்பேற்பாடுகள்) சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாறு இயலாதிருந்தோரைப் பொறுத்தவரை, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் பத்தாண்டுக் கணக்கிற் சேர்க்கப்படாது என்பதே இதன் சாரம் ஆகும்.

மதிலும் இன்றைய நிலையும்

வேலியடைப்பதற்கான கூலி உயர்ந்தமை, கிடுகு பின்னுவோர் குறைந்தமை, வெளிநாடுகளிலுள்ள உறவினர் அனுப்பும் பணம் ஆகியன சீமெந்துக் கல் மதில் பரவுவதற்குக் காரணங்களாகும். மதில் ஒருமுறைச் செலவு; எளிதில் தீப்பற்றாது; கறையானுக்கு அஞ்சவேண்டியதில்லை; எல்லையும் நகராது. வயது முதிர்ந்தோர் தனித்து வாழும் வீடுகளுக்கு இது பெரும் ஆறுதல்.

எனினும், மதில் வந்தபின் குழையும் பசளையும் கிடைப்பதில்லை. ஓலை வேலியூடாகக் காற்றும், அதன் அடியில் வெள்ளமும் செல்லும். நீர்வழி விடாது கட்டப்பட்ட மதில், மாரியில் வெள்ளத்தை மறித்துத் தாழ்ந்த வளவுகளிலும் ஒழுங்கைகளிலும் தேங்கச் செய்யும். பொட்டுக்கும் மதிலில் இடமில்லை.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாக, கொங்கிறீற்றுத் தூண்களை நாட்டிக் கம்பி இழுத்து, அதனை ஒட்டி உயிர்க்கதியால்களை வளர்ப்பதும் உண்டு. எல்லை நிலையாக இருக்க, குழையும் நிழலும் தொடர்ந்து கிடைக்கின்றன. வீதிப் பக்கம் மதில் கட்டிய வீடுகள் சிலவற்றிலும் பின்வளவில் கதியால் வேலி எஞ்சியிருப்பதைக் காணலாம்.

இவற்றையும் பார்க்க

வளவு
சங்கடப்படலை
கிடுகு
பனை
பூவரசு