பிழை மனிதனிடமா, பொருளிடமா?



"நாற்காலியை ஆட்டாதே! நேராக உட்கார்!" வகுப்பறையில் நாம் நாள்தோறும் சொல்லும் சொற்கள் இவை. நானும் பல்லாண்டுகளாகச் சொல்லி வந்தவன்தான். பணிச்சூழலியல் என்னும் அறிவுத்துறையின் வரலாற்றைப் படித்த பின்னர், அச்சொற்களைச் சொல்லுமுன் சற்றே தயங்குகிறேன்.

உழைப்பவரின் உடல்நிலையைக் கூர்ந்து நோக்கிய முன்னோடி, இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாசினி. தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1700-ஆம் ஆண்டில் வெளிவந்தது. எழுத்தர்களின் துன்பத்திற்கு அவர் கூறிய காரணங்கள் மூன்று: ஓயாமல் அமர்ந்திருத்தல், கையை ஒரே வகையில் அசைத்தல், மனத்தின் இடைவிடாத இறுக்கம். இன்று கணினியின் முன் அமர்ந்திருப்போருக்கும் இது பொருந்துகிறது அல்லவா? 1857-இல் போலந்து அறிஞர் யாஸ்த்ஷெம்பொவ்ஸ்கி, உழைப்பையும் விதியையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து 'எர்கோனாமிக்ஸ்' என்னும் பெயரை உருவாக்கினார்.

எனினும், இத்துறைக்கு உயிரூட்டியது இரண்டாம் உலகப் போரே. அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு விபத்துக்குள்ளாயின. இறக்கை மடல்களை மடக்க எண்ணிய விமானி, தவறுதலாகச் சக்கரங்களை மடக்கிவிடுவார். விமானம் வயிறு தரையில் மோத வீழும். 'விமானியின் பிழை' என்றே பதிவு செய்தனர். உளவியலாளர் அல்போன்ஸ் சப்பானிஸ் விமானி அறைக்குள் சென்று பார்த்தார். இரண்டு விசைகளும் ஒரே வடிவில், அருகருகே இருந்தன! இவ்வாறு அமையாத சி-47 விமானத்தில் இத்தகைய விபத்து நேரவில்லை. சக்கர விசையின் முனையில் சிறிய ரப்பர் சக்கரத்தையும், மடல் விசையின் முனையில் ஆப்பு வடிவத் துண்டையும் அவர் பொருத்தினார். கை தொட்டவுடனே வேறுபாடு புலப்பட்டது, பிழை நின்றது. இன்றைய பயணிகள் விமானங்களிலும் அவ்விசை சக்கர வடிவிலேயே உள்ளது.

1947-இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும், விசைகளைக் கையாள்வதில் விமானிகள் செய்த 460 பிழைகளை ஆராய்ந்தனர். அவற்றுள் ஏறத்தாழ பாதி, ஒரு விசைக்குப் பதிலாக வேறொன்றை இயக்கியதால் நேர்ந்தவை. ஈராண்டுகள் கழித்து, பிரிட்டனில் ஹைவல் மரல் முதலானோர் இத்துறைக்கென ஒரு சங்கம் கண்டனர்.

போருக்குப் பின் தொழிற்சாலைகளும் ஆய்வுக்கு உள்ளாயின. லேத் எனப்படும் கடைசல் இயந்திரத்தின் விசைகள் அமைந்துள்ள இடங்களைக் கொண்டு, அதற்குப் பொருத்தமான மனிதனை 1960-களின் இறுதியில் பிரிட்டன் ஆய்வாளர்கள் கணித்தனர். அவன் உயரம் ஏறத்தாழ நாலரை அடி. விரித்த கைகளின் நீளமோ ஏறத்தாழ எட்டு அடி! அப்படி எவரும் பிறப்பதில்லை. ஆகவே தொழிலாளி நாளெல்லாம் குனிந்தும் எட்டியும் வளைந்தும் உழைத்தான். முதுகுவலி மட்டும் அவனுடையதாயிற்று.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் மண்டல், தேர்வெழுதும் மாணவர்களைப் படமெடுத்து ஆராய்ந்தார். எழுதும்போது பலர் நாற்காலியை முன்னங்கால்களில் சாய்த்து அமர்ந்திருந்தனர். இது குறும்பன்று, வளையும் முதுகிற்கு உடல் தானே தேடிக்கொண்ட ஆறுதல் என்று அவர் கருதினார். முன்புறம் சரிந்த இருக்கையையும், சாய்வான மேசையையும் பரிந்துரைத்தார்.

ஒரே வகுப்பில் பயிலும் பிள்ளைகளின் உயரத்தில் ஒரு சாணுக்கும் மேலான வேறுபாட்டை நாம் காண்கிறோம். நாற்காலிகளோ ஒரே அளவு. நாற்காலியை ஆட்டும் பிள்ளைகள் அனைவரும் குற்றமற்றவர்கள் என்று நான் வாதிடவில்லை. ஆனால், அதட்டுவதற்கு முன் ஒருமுறை குனிந்து பார்க்கலாமே! பிள்ளையின் பாதம் தரையில் பதிகிறதா? மேசை அவன் முழங்கையின் உயரத்தில் உள்ளதா? வீட்டில் பெற்றோர்களும் இவ்வாறே பார்க்கலாம். காலுக்கடியில் ஒரு பலகை வைக்கப் பெருஞ்செலவு ஆகாது.

அன்று விமானியைக் குறை கூறியவர்கள் விசையைப் பார்க்கத் தவறினார்கள். நாம் நாற்காலியைப் பார்க்கத் தவற வேண்டாம்.